நாற்காலி இல்லையா? தரை இருக்கிறது!

கேள்வி: சமாதானப் பேச்சுவார்த்தையில் பெண்களுக்கு என்ன வேலை?

பதில்: வாசலை மறிப்பது! பேச்சு மேசையில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று 2000-லேயே ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 1325-ஆம் தீர்மானம் போட்டது. 2003-ல் லைபீரியப் போரை நிறுத்த கானாவின் அக்ராவில் பேச்சு நடந்தபோது, லைபீரியப் பெண்களின் அமைதி இயக்கத்தை வழிநடத்திய லேமா போவீக்கும் அவர் தோழிகளுக்கும் நாற்காலி கிடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைப் பக்கம் வெயில், மழை பாராமல் வெள்ளைச் சட்டையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்த பெண்கள் அல்லவா! கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதமே கிடையாது. ஊரில் குண்டு விழுகிறது. அக்ராவிலோ பேச்சு ஜவ்வாக இழுக்கிறது. பொறுத்துப் பார்த்தவர்கள், மண்டபக் கதவருகே கைகோத்து அமர்ந்து யாரையும் வெளியே விடவில்லை. காவலர்கள் கைது செய்ய வந்தார்கள். போவீ தலைத்துணியை அவிழ்த்தார், உடையையும் களையப்போனார். ஒரு தாய் அப்படிச் செய்வது அங்கே பெரும் சாபம். காவலர்கள் ஆடிப்போனார்கள்.

சில வாரங்களில், ஆகஸ்ட் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011-ல் போவீக்கு நோபல் பரிசு. இடையில், 2007-ல், அமைதி காக்க லைபீரியாவில் போய் இறங்கியவர்கள் யார் தெரியுமா? நம்ம சி.ஆர்.பி.எஃப். பெண்கள், நூறு பேருக்கு மேல்!