மீட்டர்: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: கடையில் சில நூறு ரூபாய்க்கே டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஆர்டுயினோவை வைத்து நானே ஒன்று செய்வது வெட்டி வேலையா?

பதில்: வாங்கினால் மீட்டர் மட்டும்தான் வரும், செய்தால் மீட்டரோடு விவரமும் வரும்! ஆர்டுயினோ ஊனோவின் தொண்டையில் 5 வோல்ட்டுக்கு மேல் இறங்காது. அதனால் 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, சின்னதன் மேல் விழும் வோல்ட்டேஜை மட்டும் ஊட்டுங்கள். பதினொன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஆர்டுயினோ அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். வோல்ட்டாக மாற்றும் கணக்கு உங்களுடையது.

சுவாரசியமே இனிமேல்தான். ஆர்டுயினோ அளவுகோலாக வைத்துக்கொள்வது யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டை; அது எப்போதும் சரியாக 5 ஆக இருப்பதில்லை. அது 4.7 ஆக இறங்கினால், 9 வோல்ட் பேட்டரி 9.5-க்கு மேல் காட்டும். அளவுகோலே சுருங்கினால் துணி நீளமாகத்தானே தெரியும்? அதற்குப் பதிலாக, ஆர்டுயினோவின் சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை அளவுகோலாகப் பயன்படுத்துங்கள். 12 வோல்ட் வரைதான் அளக்கலாம், ஆனால் அளவு நிலையாக நிற்கும். அதுவும் சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் மாறும் என்பதால், ஒருமுறை நல்ல மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

ஆகவே வாங்கவும் வாங்குங்கள், செய்யவும் செய்யுங்கள். செய்ததைச் சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.