அடிமை கலக்காத சர்க்கரை

வெளியூர்க்காரர்களுக்கு நெல்லிக்குப்பமும் நெய்வேலியும் ஒன்றுதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஓ, நிலக்கரி ஊரா?" என்பார்கள். இல்லை ஐயா. இரண்டும் கடலூர் மாவட்டம், அதோடு சரி. அங்கே தோண்டினால் பழுப்பாகக் கரி வரும். இங்கே பிழிந்தால் வெள்ளையாகச் சர்க்கரை வரும். இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை 1842இல் நெல்லிக்குப்பத்தில்தான் தொடங்கியது என்று பாரி கம்பெனி பெருமையாகச் சொல்கிறது. கரும்பு வண்டியின் பின்னால் ஓடி ஒரு கழியாவது உருவாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே சர்க்கரையைப் பற்றிப் பேச எனக்குப் பிறப்புரிமை உண்டு.

கதை ஆலைக்கும் முன்னால், இங்கிலாந்தில், ஒரு தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது.

1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரை, ஆப்பிரிக்க அடிமைகளின் ரத்தம், அதைத் தொடாதீர்கள். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல்தான் மனிதர் கணக்குப்பிள்ளையாகிவிட்டார். வாரம் ஐந்து பவுண்டு சர்க்கரை வாங்கும் குடும்பம் இருபத்தொரு மாதம் வாயைக் கட்டினால், ஓர் உயிர் தப்பிக்குமாம். நம் ஊரில் மொட்டை போடுவதற்கும் காவடி எடுப்பதற்கும்கூட இத்தனை துல்லியமான விலைப்பட்டியல் கிடையாது. பிரசுரம் சக்கைப்போடு போட்டது. மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்று அடிமை ஒழிப்புத் தலைவர் தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார்.

ஆனால் சர்க்கரை இல்லாத தேநீரை எத்தனை நாள் குடிப்பது? இருபத்தொரு மாதம் என்பது சீமைக் குளிரில் நெடுங்காலம். மனசாட்சியும் நோகக் கூடாது, நாக்கும் நோகக் கூடாது. அப்போதுதான் கிழக்கே ஒரு வழி திறந்தது: இந்தியச் சர்க்கரை! 1820களில், லண்டனையொட்டிய பெக்காமில், ஹென்டர்சன் என்ற பெயரில் நடந்த பீங்கான் கடை அழகான சர்க்கரைக் கிண்ணங்களை விற்றது. இதில் இருப்பது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல என்று கிண்ணத்தின் மேலேயே எழுதியிருந்தது. ஆறு குடும்பம் இப்படி மாறினால் ஓர் அடிமை குறைவான் என்ற கணக்கும் உண்டு. விருந்தாளி வந்ததும் கிண்ணத்தை எழுத்துத் தெரியும்படி திருப்பி வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். நானாக இருந்தால் அப்படித்தான் வைத்திருப்பேன்.

இந்தப் புண்ணியத்துக்குப் பெரிதும் பாடுபட்டவர் லிவர்பூலின் ஜேம்ஸ் கிராப்பர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பக்திமான், அடிமை முறையின் பரம எதிரி. தொழில், இந்தியச் சரக்கு இறக்குமதி. புண்ணியமும் லாபமும் ஒரே கப்பலில் வந்தால் ஒன்றைக் கடலில் தள்ளிவிடவா முடியும்? அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

உண்மையான கெட்டவர்கள் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள். அவர்கள் கூவினார்கள்: "இந்தியாவிலும்தானே அடிமைகள் இருக்கிறார்கள்!" சொன்னவர்கள் அயோக்கியர்கள் என்பதால் சொன்னதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நல்லவர்கள் முடிவு கட்டினார்கள். சரித்திரத்தில் அயோக்கியன் உண்மை பேசும் சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் ஒன்று இப்படி வீணாகப் போனது.

அந்தக் கிண்ணங்களில் இருந்தது பெரும்பாலும் வங்காளச் சர்க்கரை. இருந்தாலும் அட்டை ஒட்டியது கிழக்கிந்தியா முழுவதற்கும். அதில் நம் தென்னாற்காடும் அடக்கம். இங்கே என்ன நடந்தது என்று சென்னை வருவாய் வாரியத்துக்குத் தெரியும். 1819இலேயே கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டு வாங்கிவிட்டது. படியாள், பண்ணையாள் என்று நாம் வாய் நிறையச் சொல்கிறோமே, அவர்களைப் பற்றித்தான் அந்த அறிக்கைகள். மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கிடப்பவர்கள்; கூலி, படியில் அளந்த நெல். சில இடங்களில் நிலத்தை விற்றால் ஆளும் நிலத்தோடு போவார். பெரும்பாலும் பறையர், பள்ளர். வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்கு அருமையான ஒரு பெயர் கண்டுபிடித்தார்கள்: மென்மையான அடிமைத்தனம். சங்கிலி இல்லை, சவுக்குக் கொஞ்சம்தான், ஆண்டானும் அடிமையும் ஒரு குடும்பம் போல. 'குடும்பம் போல' என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்குச் சம்பள பாக்கி ஞாபகம் வரும்.

1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. உலகமே கைதட்டியது. சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு விதிவிலக்கு: கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும், இலங்கைக்கும், செயின்ட் ஹெலினா தீவுக்கும் இது பொருந்தாது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு. அடிமைகளுக்குக் காலணா இல்லை. எங்கள் ஊர் ஆலை தொடங்கியதாகச் சொல்லும் 1842இல் அடிமை முறை இந்தியாவில் சட்டப்படி செல்லும். அதைக் கோர்ட்டு அங்கீகரிக்காது என்று வந்த சட்டம் 1843இல். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்றாக 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. பெக்காம் கிண்ணங்கள் அதற்குள் எத்தனை கை தவறி உடைந்தனவோ!

விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கரும்புத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை. நியாயம்தானே. உடனே அரசும் தோட்ட முதலாளிகளும் அடுத்த ஏற்பாட்டைச் செய்தார்கள்: ஒப்பந்தக் கூலி. 1834 முதல் மொரீஷியஸுக்கு. அதற்கு வைத்த பெயர் 'மகத்தான பரிசோதனை'. சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் அந்தச் சிறு தீவில் போய் இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மொரீஷியஸ் சர்க்கரை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கே வந்து விற்றது. ஆளை அனுப்பிச் சர்க்கரையைக் காசு கொடுத்து வாங்கிய தேசம் நாம்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அங்கேயும் கரும்புதான். முப்பத்து நாலு வருஷம் கழித்து அதே டர்பனில், முதலாளியிடம் அடி வாங்கி, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி ஓர் இளம் குஜராத்தி வக்கீலின் அறைக்குள் வந்தார். வக்கீல் பதறி, முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறு இடத்துக்கு மாற்றினார். காந்தியை எனக்குப் பிடித்துப்போவது இந்த இடத்தில்.

அடுத்த இடத்தில் கொஞ்சம் இருமல் வருகிறது. டர்பன் தபாலாபீசுக்கு இரண்டு வாசல். ஒன்று வெள்ளையருக்கு. மற்றொன்று ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் சேர்த்து. இதை அவமானமாக நினைத்த காந்தியின் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மனுப் போட்டது; 1895 அறிக்கையில் வெற்றியையும் பதிவு செய்தது. என்ன வெற்றி? வாசல் மூன்றானது. வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று. சுவரை இடிக்கச் சொல்லி மனு எழுதப் போனவர், கொத்தனாரை அழைத்து இன்னொரு நிலைப்படி வைத்துவிட்டு வந்தார். மனுவில் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. தன் மக்களின் மானம் மட்டுமே இருந்தது. தபால்தலை வாங்க வரிசையில் நின்ற ஆப்பிரிக்கரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நம் அரசாங்கமும் நல்லெண்ணத்தில் குறைந்ததில்லை. சேரிக்காரர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தந்தது. எங்கே? சேரி இருந்த அதே இடத்தில், ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால். சேரி என்ற சொல் உறுத்தியதால் 'காலனி' என்று நாகரிகமான சீமைப் பெயர் வைத்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பெயரும் வசைச்சொல்லாகி, 2025 ஏப்ரலில் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நெய்வேலி நகரியத்தில் இந்தத் தொல்லையே இல்லை; பத்தாவது வட்டம், இருபதாவது வட்டம் என்று எண் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்து பஸ்ஸில் 'காலனி ஸ்டாப்' என்று இன்னும் இறங்குகிறார்கள்.

இத்தனை பேரைக் கேலி செய்துவிட்டு எங்கள் ஆயாவை விட்டால் தர்மமாகாது. கரும்பு வெட்டு நாட்களில் வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவார். அவருக்கு அறுபது வயது, எனக்கு எட்டு. நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். ஆயாவுக்கு அவர் மேல் உயிர். எங்கள் காப்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை என்றால் அவருக்கு மூன்று. "உழைக்கிற ஒடம்புடா, தெம்பு வேணாமா" என்பார். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருக்கும் அலுமினிய டம்ளரை அவரே எடுத்து நீட்டுவார். ஆயா மேலிருந்து ஊற்றுவார். குடித்ததும் அவரே கழுவிச் செருகிவிட்டுப் போவார்.

ஒரு தீபாவளிக்கு ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. நசுங்கிப்போன டம்ளரில் குடிக்கிறாரே என்று பண்ருட்டிக்குப் போய்ப் பளபளவென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். நம் வீட்டுப் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதே என்று கடைக்காரரிடம் சொல்லி அவர் பேரையும் அதில் வெட்டி வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணில் நீர் வந்தது. காப்பியைக் குடித்துவிட்டு, கழுவி, கூரையில் அதே இடத்தில் செருகினார்.