கிழவன் ஏன் செழவன் ஆகல?

ஏட்டி பேத்தி, மொழியியல்ல எம்.ஏ. சேந்தவ லத்தீனையும் கூடச் சேத்துப் படிக்கப் போறேன்னு ஒங்க அம்ம சொன்னா. நல்லாப் படி. செத்த மொழியில ஒரு வசதி உண்டு. நீ எப்பிடிப் பேசினாலும் எதுத்துப் பேச ஆளு கெடையாது. ஒனக்குன்னே செஞ்ச படிப்பு. ஆனா லீவுக்கு வந்த மறுநாளே, "தாத்தா, 'வந்தாவ'ன்னு சொல்லாதீங்க, 'வந்தார்கள்'னு சொல்லுங்க"ன்னு என்னையத் திருத்தின பாரு, அங்கனதான் ஒன் படிப்பு மேல எனக்குச் சந்தேகம் வந்துட்டு.

எனக்கு லத்தீன் தெரியாதுன்னு நெனைக்காத. சின்னதுல புன்னக்காயல் கோயில்ல பூசைக்கு உதவி செஞ்சவன் நான். சாமியார் ஒண்ணு சொல்ல, நாங்க ஒண்ணு சொல்லுவோம். அர்த்தம் ஆண்டவருக்குத் தெரியும், சாமியாருக்கும் தெரிஞ்சிருக்கும். 1960-கள்ல வத்திக்கான் சங்கம் கூடி, பூசை தமிழுக்கு வந்த பொறவுதான், அம்புட்டு நாளா எதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கோம்னு தெரிஞ்சுது. பொறவு முப்பது வருசம் தோணியில தண்டலா அலைஞ்சாச்சு. இப்பம் நீ ராத்திரி சத்தம் போட்டு வாசிக்கத நானும் திண்ணையில படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான கெடக்கேன்? ஆகக்கொண்டு நாலு புத்தி சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

மொதப் புத்தி: எழுத்தப் பாத்து மயங்காத. சிசரோ சிசரோங்கியே, அந்த ரோமாபுரிப் பேச்சாளர அவரு காலத்துல ஊர்க்காரன் 'கிக்கெரோ'ன்னுதான் கூப்பிட்டான். செத்தவன் வாய எவன் போயிக் கேட்டான்னு நெனைக்கியா? சாட்சி இருக்கு. கிரேக்கன் அவரு பேர எழுதும்போது 'க' போட்டுத்தான் எழுதியிருக்கான். நாம சீசருங்க ஆளு, ஜெர்மன்காரன் வாயில இன்னைக்கும் 'கைசர்'. நூறுக்கு லத்தீன்ல 'கெந்தும்'. இத்தாலிக்காரன் சக்கரத்து 'ச' போட்டுச் 'செந்தோ'ங்கான். சார்தீனியாத் தீவுல மட்டும் பழையபடியே 'கெந்து'. கேம்பிரிட்ஜ் வாத்தியாரு சிட்னி ஆலன் இந்தச் சாட்சியெல்லாம் வரிசையா நிப்பாட்டி, 1965-ல 'வோக்ஸ் லத்தீனா'ன்னு ஒரு புத்தகமே போட்டிருக்காருன்னு நீதான வாசிச்ச?

'இ', 'எ' சொல்லையில நாக்கு முன்னால வரும். வரும்போது பக்கத்துல நிக்க 'க'வையும் இழுத்துட்டு வந்து 'ச' ஆக்கிரும். இத்தாலிக்காரன் பிற்காலத்துல செஞ்ச இந்தக் காரியத்த, நாம சங்க காலத்துக்கு முந்தியே செஞ்சு முடிச்சாச்சு கேட்டியா? மங்களூருக்குச் சரக்கு ஏத்திட்டுப் போனப்ப ஒரு கன்னடக்காரன் காதக் காட்டிக் 'கிவி'ன்னான். நமக்கு அது 'செவி'. நமக்குச் செவப்பு, அவனுக்குக் 'கெம்பு'. இந்த வெவகாரத்துல அவன் சார்தீனியா, நாம இத்தாலி.

அப்பம் கிளி ஏன் 'சிளி' ஆகல, கெண்டை ஏன் 'செண்டை' ஆகல, நம்ம கடல்ல கெடக்க கெளுத்தியும் கிழங்கானும் எப்பிடித் தப்பிச்சுதுன்னு கேளு. கேக்க மாட்ட; கேக்கத மறந்துட்டு எழுதிக்கிட்டு இருப்ப. தாமஸ் பரோங்க வெள்ளைக்காரரு கேட்டிருக்காரு. 1943-ல வெடையும் சொல்லியிருக்காரு. பின்னால ட, ண, ள, ழன்னு நாக்க மடிக்கிற எழுத்து வந்தா, 'க' நகராம நின்னுக்கிடும். அந்த 'ழ' மட்டும் காவல் இல்லன்னா நான் இன்னைக்குக் கிழவன் இல்லட்டி, 'செழவன்'. ரெண்டொண்ணு இந்தச் சட்டத்துக்கு அடங்காம நிக்கும். அப்பம் சட்டத்தத் தூக்கிப் போட்டுறாத. அந்த வார்த்தை எந்தக் காலத்துல, எந்த ஊர்லருந்து வந்து குடியேறுச்சுன்னு வெசாரி.

ரெண்டாம் புத்தி: இலக்கண வாத்தியாரு பாடம் சொல்லும்போது தூங்கு, வையும்போது முழிச்சுக்கோ. லத்தீன்ல பழைய பட்டியல் ஒண்ணு இருக்கு. புரோபஸ்ங்க இலக்கணக்காரரு பேருல ஒட்டிக்கிட்டு நிக்கி. எழுதினது அவரு இல்ல. எவனோ ஒரு வாத்தியான், கடுங்கோவக்காரன். மொத்தம் 227 திருத்தம். கண்ணாடிய 'ஸ்பெகுலும்'னு சொல்லணும், 'ஸ்பெக்லும்' கூடாது. 'மென்சா'ன்னு சொல்லணும், 'மேசா' கூடாது. ஊர்ல ஒருத்தனும் சொல்லாத தப்ப எந்த வாத்தியானாவது திருத்துவானா? அப்பம் சனங்க அப்பிடித்தான் பேசியிருக்காவ. வாத்தியான் திட்டித் தீத்த பட்டியல்தான், அந்தக் காலத்துப் பேச்சுக்கு இன்னைக்கு நம்ம கையில இருக்க பெரிய சாட்சி.

அந்த 'மேசா' என்ன ஆச்சுன்னு தெரியுமா? வாத்தியானத் தாண்டிப் போயி போர்ச்சுகீசியன் வீட்டுல குடியிருந்துச்சு. 1530-கள்ல அவன் கப்பல் நம்ம முத்துக்குளிக் கரைக்கு வந்து, நம்ம முன்னோருக்கு ஞானஸ்நானமும் பெர்னாண்டோ, கோமஸ்ங்க பேரும் கொடுத்தான் பாரு, அந்தப் பழக்கத்துல நம்ம வீட்டுக்குள்ளயும் வந்து 'மேசை'ன்னு உக்காந்துக்கிட்டு. நீ லத்தீன் புத்தகத்த விரிச்சு வெச்சிருக்கியே, அது மேலதான். சாவியும் அந்த வழிதான். லத்தீன்ல 'கிளாவிஸ்', போர்ச்சுகீசியன்கிட்ட 'சாவெ'. மழைக்கு அங்க 'புளூவியா', இங்க 'சூவா'. சொல்லுக்கு மொதல்ல நின்ன 'க்ள', 'ப்ள' ரெண்டும் ஒண்ணுபோலச் சகரம் ஆயிட்டு. ஒரு வார்த்தையில நடந்தா விபத்து, பத்து வார்த்தையில நடந்தாச் சட்டம். ஒங்க மொழியியல் வாத்திமாரு நாலு செமஸ்டர்ல சொல்லப் போறது இம்புட்டுத்தான். பீஸ அவியகிட்டயே கெட்டு, எனக்கு வேண்டாம்.

மூணாம் புத்தி: ஒரு மொழியோட சட்டைய இன்னொரு மொழிக்கு மாட்டாத. மாட்டினாலும், எங்க பிடிக்கி, எங்க தொங்குதுன்னு பாத்துக்கோ. நம்ம புன்னக்காயல்ல இருந்த ஹென்றிக்கஸ் அடிகளாரு, 1578-ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சடிச்சாரே, அவரேதான், அதுக்கு முப்பது வருசம் முந்தியே தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில ஒரு இலக்கணம் எழுதிட்டாரு. லத்தீன் படிச்ச மனுசன். லத்தீனுக்குத் தச்ச சட்டைதான் கையில இருந்துச்சு. அத நமக்கு மாட்டிப் பாத்தாரு. 'கத்தியால', 'கடல்லருந்து', 'கரையில' மூணும் நமக்கு மூணு வேத்துமை. லத்தீனுக்கு ஒண்ணுதான். மூணா இருந்ததுதான் பின்னால ஒண்ணாக் கலந்துட்டுன்னு, சமஸ்கிருதத்தோட ஒப்பிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காவ. சும்மா மீச முறுக்காத. நம்ம எட்டு வேத்துமைக் கணக்கும் வடமொழிச் சட்டைதான்னு, இந்தா இருக்க இடையன்குடியிலருந்து கால்டுவெல் சொல்லிட்டுப் போயிருக்காரு.

ஆனா ஹென்றிக்கஸ் பண்டிதருகிட்ட மட்டும் கேட்டுட்டு எழுதல. கரையில சனங்க பேசினதக் காது கொடுத்துக் கேட்டு, அந்த உருவத்தையும் எழுதி வெச்சாரு. அதனாலதான் லிஸ்பன்ல கெடந்த அந்தக் கையெழுத்த ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்துல பேத்து, 2013-ல ஹார்வர்டு வெளியிட்டுச்சு. பதினாறாம் நூத்தாண்டுல தமிழன் வாயில தமிழ் எப்பிடி இருந்துச்சுன்னு பாக்க, ஒலகமே நம்ம பரதவரு பேச்சப் பெரட்டிப் பாக்கு. நீ என்னடான்னா அதே பேச்சத் திருத்துத.

வீரமாமுனிவரும் லேசுப்பட்ட ஆளில்ல. செந்தமிழுக்குத் தனியா, பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்குத் தனியா, லத்தீன்ல இலக்கணம் எழுதினாரு. லுத்தரன்காரவளத் திட்டித் திட்டித் தமிழ்ல புத்தகம் போட்ட மனுசன். அவரு கொடுந்தமிழ் இலக்கணத்த 1738-ல அச்சடிச்சது யாருங்க? தரங்கம்பாடி லுத்தரன்காரவதான். சண்டை வேற, படிப்பு வேறன்னு அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. கொச்சைப் பேச்சுக்கு இலக்கணம் உண்டுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

நாலாம் புத்திதான் கடேசி. லத்தீன் செத்துப் போச்சுன்னு எவனாவது சொன்னா, எப்பம் அடக்கம் பண்ணுனீயன்னு கேளு. தேதி சொல்ல முடியாது. ஏன்னா வாத்தியான் கொச்சைன்னு வெரட்டினதுதான் இத்தாலி, ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம்னு பேர மாத்திக்கிட்டு நடமாடுது. ஏட்டுல சுத்தமா இருந்ததுதான் பாடப் புத்தகத்துல கெடக்கு. இதப் படிச்சுட்டும் ஒருத்தி கரைப் பேச்சக் கேட்டு மூக்கச் சுளிச்சா, அவ படிச்சது மொழியியல் இல்ல, அந்த 227 திருத்தம்.

அதனால நாளைக்குப் போனத் தூக்கிக்கிட்டுச் சங்கு குளிக்கப் போறவியகிட்டப் போ. கடலுக்கடியில கெடக்க பாரு பேரு, காத்து பேரு, அவிய ஒருத்தர ஒருத்தரு வைய வசவு, ஒண்ணு விடாமப் பதிஞ்சு எடு. பொறவு ஒங்க ஆச்சிகிட்ட வா. அவ பேச ஆரம்பிச்சா ஒன் போன்ல எடம் பத்தாது. திருத்தணும்னு நாக்கு அரிச்சுதுன்னா, எழுதி முடிச்சுட்டு ஒன் பரீட்சைப் பேப்பரத் திருத்து.

லத்தீன்ல சந்தேகம்னா எங்கிட்ட வா. துட்டு வேணும்னா ஒங்க அப்பன்கிட்டப் போ. ரெண்டையும் மாத்திராத.