கண்ணளவு வயிற்றுக்குக் கையளவு தீனி

ஏலே பேராண்டி, கண்ணாடித் தொட்டி வாங்கி, கலர் பல்பு மாட்டி, மீன் வளக்கியாமே. ரொம்ப சந்தோசம். காலையில ஒரு சிட்டிகை, ஆபீசுக்குக் கிளம்பையில ஒரு சிட்டிகை, திரும்பி வந்ததும் பாசம் பொங்கி ஒரு பிடி. தெப்பக்குளத்துல பொரி எறியுதவன்கூட உன்னை மாதிரி எறிய மாட்டாம்டே. குட்டி மீனுக்கு வயிறு அதோட கண்ணு அளவுதான்னு கணக்கு வச்சுக்க. ரெண்டு நிமிசத்துல தின்னு தீக்கதுதான் அளவு. மிச்சம் அழுகி அம்மோனியா ஆகும். தண்ணி தெளிஞ்சுதான் கெடக்கும், மீன்தான் மெதக்கும்.

அளவை விடு. உனக்குத் திங்கள்னா இட்லி, செவ்வாய்னா பூரி, ஞாயித்துக்கிழமை கோழி. அதுகளுக்கு மட்டும் வருசம் பூரா அந்த ஒத்த டப்பாவா? பெரிய டப்பா லாபம்னு வாங்குனியாக்கும். திறந்து வச்சா வைட்டமின் எல்லாம் காத்தோட போயிரும். லாபம் கடைக்காரருக்கு.

முதல்ல வாயைப் பாரு. உன் வாயை இல்ல, மீன் வாயை. கப்பிக்கு வாய் மேல் பாத்து இருக்கும், மெதக்குததைப் பொறுக்கும். நியான் டெட்ரா அமேசான் பக்கத்துப் பிள்ளை, பொடி வாய். நடுத்தண்ணியில மெள்ள இறங்குததைக் கவ்வும். டப்பாவுல உள்ள பிளேக்ஸை விரல்ல நசுக்கித் தூளாக்கிப் போடு. கோரிடோராஸ் மீசைக்காரன், வாய் கீழ. 'அவன் மிச்சத்தைத் தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணிருவான்'னு சொல்லுதே. சம்பளமில்லாத வேலைக்காரன்னு நெனைச்சியோ? லைட்டை அணைச்சப்புறம் அடியில இறங்குத பெல்லட் போடு, மேல உள்ளவன் பறிக்காம அவனுக்குக் கிடைக்கும். மாலி பாசி மேயுத சாதி. பச்சைப்பட்டாணியை வேக வச்சு, தோலை உரிச்சு, நசுக்கிக் குடு. உப்பு போட்டுராத, அது உனக்கு இல்ல.

கறி விருந்து வேணுமா? நம்ம தூத்துக்குடி உப்பளத்துல உப்பு ஏறுன தண்ணியில செக்கச்செவேல்னு பொடிசா நீந்துமே, இறாலுக்குத் தூரத்துப் பங்காளி, அதுதான் ஆர்டீமியா. அதோட முட்டையத்தான் டப்பாவுல அடைச்சு விக்காங்க. உப்புத்தண்ணியில போட்டுக் காத்து விட்டா ஒரு நாள், ஒன்றரை நாள்ல குஞ்சு பொரிக்கும். காத்தை நிறுத்திட்டு ஓரத்துல வெளிச்சம் காட்டு, குஞ்செல்லாம் அங்க கூடும். தோடு மேல மெதக்கும், அதை விட்டுட்டுக் குஞ்சை மட்டும் உறிஞ்சு வடிகட்டி, நல்லதண்ணியில அலசி விடு. டெட்ரா பாய்ஞ்சு பிடிக்கத நீ டிவியை அணைச்சுட்டுப் பாப்பே.

கொசுப்புழுவும் தேவாமிர்தம்தான். அதுக்காக மாடியில வாளித் தண்ணியைத் திறந்து வச்சுராத; ரெண்டு நாள் அசந்தா அது கொசுவாகி உன்னையே விருந்தாக்கிரும், சுகாதாரத்துறைக்காரங்க அபராதமும் போடுவாங்க. சாக்கடையில அள்ளுன டியூபிஃபெக்ஸ் புழு மலிவுன்னு வாங்காத, நோயும் இலவசமா வரும். காய வச்ச ரத்தப்புழுன்னா ஊறப்போட்டுக் குடு.

வாரத்துல ஒரு நாள் ஒண்ணும் போடாத. உங்க ஆச்சி வெள்ளிக்கிழமை விரதம் இருந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுதேல்லா, மீனுக்கும் அதுதான்.

ஊருக்கு வரும்போது டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில குடுத்துராத. வளந்த மீன் ரெண்டு மூணு நாள் பட்டினியைத் தாங்கும்டே, அந்தப் பிள்ளையோட பாசத்தைத்தான் தாங்காது.