பூச்சியைச் சுட்டால்தான் ஓட்டா?

கேள்வி: நாட்டுக்குச் சேவை செய்தவருக்கு மட்டுமே ஓட்டு என்று ஓர் அமெரிக்க விண்வெளி நாவலில் வருகிறதாமே, இங்கும் கொண்டுவந்தால் என்ன?
– ஒரு வாசகர், மேல்சித்தாமூர்

பதில்: ராபர்ட் ஹைன்லைன் 1959-ல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. கொண்டுவரலாம், முதலில் பறிபோவது உங்கள் ஊர் ஓட்டாக இருக்கும்! அந்த நாவலில் சேவைக்குப் போனவர்கள் சுடும் எதிரிகள் ராட்சதப் பூச்சிகள். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊரில், எறும்பு மிதிபடாமல் பார்த்து நடக்கும் பரம்பரையிடம் போய்த் துப்பாக்கியை நீட்டினால் யார் வாங்குவார்கள்?

ஹைன்லைன் முரடர் அல்லர். சேவைக்கு வரும் எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது, சீருடையில் இருக்கும்வரை ஓட்டும் கிடையாது என்கிறார். அந்த இரண்டாவது விதி கெட்டிக்காரத்தனம். ஆனால் வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டிமன், 1974-ல் இதற்குப் பதில் போல 'தி ஃபாரெவர் வார்' நாவலை எழுதினார். அதில் போருக்குப் போனவன் திரும்பி வரும்போது ஊரே அந்நியமாகிவிடுகிறது. அந்நிய ஊரில் ஓட்டு கிடைத்து என்ன பயன்? நான் இவர் கட்சிதான்.

நம் அரசியல் சட்டமும் கடமையை மறக்கவில்லை. 1976-ல் சேர்ந்த 51-ஏ பிரிவு, அழைத்தால் தேசசேவைக்கு வா என்கிறது. உயிர்களிடம் கருணை காட்டு என்றும் அதே மூச்சில் சொல்கிறது. இரண்டையும் ஓட்டோடு முடிச்சுப் போடவில்லை. 18 வயது ஆனால் போதும்.

மின்னணு வாக்கு இயந்திரம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் உருவானபோது அந்தப் பணியை மேற்பார்த்தவர், நம் விஞ்ஞானக் கதை மன்னர் சுஜாதா. அந்த இயந்திரம் 'பட்டாளத்தில் இருந்தாயா?' என்று யாரையும் கேட்பதில்லை. அடுத்த தேர்தலில் மறக்காமல் போய் அமுக்குங்கள்.