கேடயம் மூவருக்கு, படம் யாருக்கு?

கேள்வி: வேட்டங்குடி சரணாலயத்தில் எடுத்த பறவைப் படத்தைப் போட்டிக்கு அனுப்ப நினைக்கிறேன். 'வரும் படங்கள் அனைத்தும் அமைப்பாளருக்கே சொந்தம்' என்கிறது விதி. அனுப்பலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கானாடுகாத்தான் பெரிய வீட்டில் ஒரு ராத்திரி தங்க வந்தவர் வீட்டுப் பத்திரத்தையே கேட்டால் கொடுப்பீர்களா? 'அனைத்தும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேடயம் மூன்று பேருக்கு. தோற்ற அத்தனை பேரின் படமும் காலண்டருக்கும் விளம்பரத்துக்கும் இலவசம்!

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான். உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை செல்லும். பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சம் இருக்கும். உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. இது தெரிந்தவர்கள்தான் 'உலகெங்கும், என்றென்றும்' என்று எழுதி வைக்கிறார்கள். அதில் கையெழுத்திட்டால், உங்கள் கொக்கை நீங்களே ஒரு பத்திரிகைக்குக் கொடுக்க அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். படைத்தவர் நான் என்று சொல்லும் உரிமை மட்டும் 57ஆம் பிரிவின்படி உங்களோடு தங்கும்.

எல்லாப் போட்டியும் இப்படி இல்லை. 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' போட்டியில் படத்தை யாரும் பயன்படுத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் எடுத்தவர் பெயர் போட வேண்டும், பதிப்புரிமையும் அவரிடமே. மனமறிந்து கொடுப்பது அது.

அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'பரிசு பெற்றால் மட்டும், இந்தப் போட்டியின் விளம்பரத்துக்கு மட்டும், ஓராண்டுக்கு, என் பெயருடன்.' சம்மதம் எழுத்தில் வந்தால் அனுப்புங்கள்.