ஏரியலுக்கு ஒரு கும்பாபிஷேகம்

1960களின் அம்பாசடரில் ரேடியோ ஏரியல் கேபிளை மாட்டுவது அரை நாள் வேலை என்பவர்கள் பக்தியற்றவர்கள். முதலில் அந்தக் காலத்துக் கேபிளையே தேட வேண்டும். புதிதாக வாங்கினால் அது நன்றாக வேலை செய்துவிடும் அபாயம் உண்டு.

அடுத்து, கேபிளின் வெளிப்பின்னல் பாடியின் வெறும் இரும்பைத் தொட்டாக வேண்டும். பொன்போல் காத்த பெயின்ட்டை உள்பக்கம் சுரண்டினால்தான் எர்த் கிடைக்கும். மனம் வராதவர் சுரண்டாமல் விடலாம். பாட்டுக்குப் பதில் ஸ்பார்க் பிளக் பாடும். நான் பிளக் கட்சி: சுருதி இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும், நடுவில் விளம்பரம் கிடையாது.

கடைசியாக, ரேடியோவில் உள்ள டிரிம்மர் திருகு. 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் நிலையத்தைப் பிடித்து, சத்தம் உச்சம் தொடும்வரை அந்தச் சிறு திருகைத் திருப்ப வேண்டும். அந்தப் பக்கம் நிலையமே இல்லையா? இரைச்சலை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். கலை கலைதான்.

இத்தனையும் முடித்துத் தன் வண்டியைப் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனார் என் நண்பர் ஒருவர். நடுவர் குனிந்து பார்த்தார், மதிப்பெண்ணை வெட்டினார். ஆலையிலிருந்து வந்தபோது இந்த வண்டியில் ரேடியோவே கிடையாதாம்.

நண்பர் இப்போது மட்கார்டில் ஏரியலுக்குப் போட்ட ஓட்டையை அடைக்க அலைகிறார். அதற்கும் 1960களின் இரும்புதான் வேண்டுமாம்.